மூணு கொட்டேஷன் வாங்கின ஆமை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேண்டாம். இந்தக் கண்ணாடிக்கு ரப்பர் போட்டவன் எவனோ, முழுசா ஒட்டலை. காங்கேயம் வரைக்கும் உங்க காதுகிட்டயே கடகடன்னு ஆடும். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? கரூர்ல பஸ் பாடி கட்டற கம்பெனில இருபத்தொம்பது வருஷம் பர்ச்சேஸ் பாத்தவனுங்க நான். ரிவெட்டு, ரெக்ஸின், பிளைவுட்டு, அலுமினிய ஷீட்டு, எதுவும் என் கையெழுத்து இல்லாம கேட்டைத் தாண்டாது.

கோயமுத்தூரா? நானும் அங்கதான். கோர்ட்டுக்கு.

அட, அப்படித் தள்ளி உக்காராதீங்க. குத்தவாளி இல்லைங்க, சாட்சி. ஆமைக் கேசு.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும்தான் சிரிக்கறாங்க. என் பொஞ்சாதி சாந்தாமணி இன்னிக்குக் காலைல சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கிட்டே சிரிக்கறா. ஆனா ஒண்ணு சொல்றேன், ஒரு ஆமை வாங்கறதுல என்னையாட்டம் ஜாக்கிரதையா நடந்த மனுசன் இந்தத் தமிழ்நாட்டுல கிடையாது. மூணு கொட்டேஷன் வாங்கினேன். ஆமைக்கு! யாராச்சும் வாங்குவாங்களா?

ஏன் ஆமைன்னு கேளுங்க. எனக்கு ஒரே பொண்ணு, இந்துமதி. எம்.காம். கல்யாணம் பண்ணி மெட்ராஸ் அனுப்பினேன். எட்டு மாசத்துல ஒரே ஒரு பையோட திரும்பி வந்துட்டா.

மாப்பிள்ளை விஷயத்துல என் மேல ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாதுங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். மூணு எடம் பாத்தேன். மூணையும் பட்டியல் போட்டு ஒப்பிட்டேன். படிப்புச் சர்டிபிகேட் ஒரிஜினலே பாத்தேன். கம்பெனிக்கே போன் போட்டு விசாரிச்சேன். ரத்த குரூப்பு வரைக்கும் கேட்டு எழுதினேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கறப்ப இந்தப் புள்ள வந்து, "அப்பா, அவரு எங்கிட்டப் பேசறதே இல்லைப்பா. உத்தரவுதான் போடறாரு"ன்னுச்சு. பத்திரிகை அடிச்சு ஊர் பூராக் கொடுத்தாச்சு. "நல்ல சரக்கு மொதல்ல வெறைப்பாத்தான் கண்ணு இருக்கும், போகப் போக வளைஞ்சுரும்"னு சொன்னேன். ஒரு ஆறுதலுக்குத்தானுங்க.

அவரு ஆபீஸ் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போவாராம். ஏழாவது மாடி. போன்ல அழுதா. "பாதுகாப்புக்குத்தானே கண்ணு பூட்டறாரு, ஊரு கெட்டுக் கெடக்குது"ன்னு எடுத்துச் சொன்னேன். அப்பறம் போன் பண்றதையே நிறுத்திப்போட்டா. சரி, பழகிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு நாள் வாசல்ல வந்து நிக்கறா.

வந்ததுல இருந்து எங்கிட்டப் பேச்சு இல்லை. "ம்." "இல்ல." "வெச்சிருங்க." மூணே வார்த்தைல பதினோரு மாசம் ஓட்டினா. வக்கீல்கிட்ட ஓடினது நான். பாத்திரம் பண்டமெல்லாம் திரும்ப வாங்கிட்டு வந்தது நான். தம்ளர்ல இருந்து பட்டியல் போட்டுச் சரிபாத்து வாங்கினேன். அதுக்கெல்லாம் ஒரு "சாப்பிட்டீங்களாப்பா" கூடக் கிடையாது. அம்மாகிட்ட மட்டும் சமையல்கட்டுல என்னமோ குசுகுசுன்னு பேசும். நான் தண்ணி குடிக்கப் போனா ரெண்டும் நிறுத்திக்கும்.

இப்படி இருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை, அவ ரூம்ல இருந்து சிரிப்புச் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எட்டிப் பாத்தா போன்ல வீடியோ. ஒரு ஆமை செம்பருத்திப் பூவைக் கடிக்கப் போவுது, வாயை மூடுது, பூவு தள்ளிப் போயிருது. மறுபடியும் போவுது, மறுபடியும் வெறும் வாயி. அதைப் பாத்து என் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. நான் நிக்கறதைப் பாத்ததும் நிறுத்திட்டா. அது கிடக்கட்டும். சிரிச்சாளா இல்லையா?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஆமை வாங்கறது. அவகிட்டக் கேட்டீங்களான்னா... சர்ப்ரைஸுங்க. கேட்டா அப்பறம் சர்ப்ரைஸ் எங்க இருக்குது?

சாந்தாமணிகிட்டச் சொன்னேன். "ஆமையா? வீட்டுக்குள்ளயா?"ன்னா. டிவி மேல கண்ணாடியில செஞ்ச ஆமை ஒண்ணு வெச்சு வெள்ளிக்கிழமை பூ வெக்கறவ இவ. கண்ணாடி ஆமைன்னா லட்சுமி வருமாம், உசுருள்ள ஆமைன்னா ஆகாதாம். சரி, இவகிட்ட என்ன பேசறதுன்னு விட்டுட்டேன்.

வாங்கறதுன்னு ஆனப்பறம் கண்ட எடத்துல வாங்க முடியுமா? பொறுப்பான எடமாப் பாத்து வாங்கணும். நோட்டுப் போட்டேன். கோடு போட்டு மூணு கட்டம், கடைக்கு ஒண்ணு. விற்பவர் பெயர், கடையின் தோற்றம், ஆவணங்கள், பேச்சு, முடிவு.

மொத எடம், நம்ம ஊர்லயே ஒரு மீன் கடை. தொட்டி மீனு, காதல் கிளி, அந்த மாதிரி. ஹசீனான்னு ஒரு அம்மா நடத்துது, நாப்பது வயசு இருக்கும். கடையா அது? ஈரச் சாக்கு, வாளி, மூலைல ரெண்டு பூனை. மீன் கடைல பூனை! அங்கயே பாதி மார்க் போச்சு.

"ஆமை வேணுங்க"ன்னேன்.

"யாருக்குங்க சார்?"

"என் பொண்ணுக்கு."

"சின்னப் பாப்பாங்களா?"

"இருபத்தெட்டு வயசு."

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. "அவங்க கேட்டாங்களா சார்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. வாங்க வந்தவனைக் கேள்வி கேக்கற கடையை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அதோட விட்டுச்சா? "வீட்ல வெயில் வர்ற எடம் இருக்குங்களா? பகல்ல யாரு பாத்துக்குவாங்க? அது அம்பது வருஷம் இருக்கும் சார், உங்களுக்குப் பின்னாடி யாரு பாப்பாங்க?" என் ஆயுசுக்கே கொட்டேஷன் கேக்குதுங்க அந்தம்மா!

"இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

"இல்லைங்க சார். முதுகுல நட்சத்திரம் போட்ட ஆமை இருக்குதில்ல, அது காட்டுல புடிக்கறது. வாங்கறதும் தப்பு, விக்கறதும் தப்பு, வீட்ல வெச்சிருக்கறதே தப்பு. ஃபாரஸ்ட்ல கேசு போட்டுருவாங்க. பச்சையா சின்னதா தொட்டில விப்பாங்களே, அது கையளவு இருக்கும், தட்டளவு ஆயிரும். அப்பறம் யாருக்கும் வெச்சுக்க எடம் இருக்காது, கொண்டுபோயிக் கொளத்துல வுட்டுருவாங்க. அது அங்க இருக்கற மீனையெல்லாம் தின்னுரும். அதனால அதையும் நான் விக்கறதில்லை. ஆசைக்கு ரெண்டு தங்கமீனு கொண்டு போங்க."

சரக்கு இல்லாத கடைக்காரங்க எல்லாரும் இப்படித்தானுங்க. இல்லைன்னு சொல்லக் கௌரவம் இடிக்கும், சட்டம் பேசுவாங்க. நோட்டுல எழுதினேன்: "கடை சுத்தம் இல்லை. பில் புத்தகம் இல்லை. தேவையில்லாத கேள்விகள் கேட்கிறார். சட்டம் பேசுகிறார். நிராகரிக்கப்பட்டது." கேட்ட கேள்வி, சொன்ன சட்டம் எல்லாம் ஒண்ணு விடாம கீழ எழுதி வெச்சேன், புகார் மாதிரி. இந்தப் பக்கத்தைச் சித்த ஞாபகம் வெச்சுக்குங்க, இன்னிக்குக் கோர்ட்டுல இதைத்தான் படிக்கப் போறாங்க.

ரெண்டாவது எடம், வாட்ஸ்அப். நம்ம பழைய சூப்பர்வைசர் ஒருத்தன் நம்பர் கொடுத்தான். போன் போட்டா அந்தப் பையன் எடுத்த எடுப்புல, "சார், போன்ல ஆமைன்னு சொல்லாதீங்க. உருளைக்கிழங்குன்னு சொல்லுங்க"ங்கறான். "எதுக்குப்பா?"ன்னேன். "பழக்கம் சார்." பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைகிட்ட வந்து நிக்கணுமாம், மஞ்சப்பைல வெச்சுக் கொடுப்பானாம். அட்ரஸ் கேட்டேன், இல்லை. ஜி.எஸ்.டி நம்பர் கேட்டேன், போனை வெச்சுட்டான். நான் ஏமாறுவனா? "உருளைக்கிழங்கு. நிராகரிக்கப்பட்டது."

மூணாவதுதானுங்க எடம். கோயமுத்தூர்ல, பெரிய பங்களாவெல்லாம் இருக்கற வீதி. ஹரிபிரணவ்னு பேரு. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையலை. ஏசி ரூமு, சுவரு நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி, ஒரு சொட்டு அழுக்கு இல்லை. உக்காந்ததும் ஃபில்டர் காபி. நுரையோட.

"சார், நாங்க வியாபாரி இல்லை. எத்திக்கல் ப்ரீடர்"னாரு. "விக்கறதில்லை, நல்ல குடும்பமாப் பாத்துத் தத்துக் கொடுக்கறோம். உங்களைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு." பாருங்க, ஒரு கேள்வி கேக்கலை! யாருக்கு, எதுக்கு, வெயில் வருமா, நிழல் வருமா, ஒண்ணும் இல்லை. மரியாதைன்னா அது.

நான் சும்மா விடலைங்க. "காட்டுல புடிக்கறதுன்னு ஒரு அம்மா சொல்லுச்சே"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. "அதெல்லாம் தெருக்கடை சார். இது பண்ணைல பொறந்தது." "அப்ப இதோட அப்பா அம்மாவைப் பாக்கலாங்களா?"ன்னேன். எப்படி மடக்கினேன் பாத்தீங்களா? "ப்ரீடிங் சீசன் சார். அதுங்களுக்கும் ஒரு ப்ரைவசி இருக்குதில்லையா"ன்னாரு. எனக்கே வெக்கமாப் போச்சு.

பில்லு கேட்டேன், போட்டுக் கொடுத்தாரு. கூடவே ஒரு சர்டிபிகேட்டு. லேமினேட் பண்ணின அட்டை, தங்கக் கலர்ல முத்திரை, ஒரு நம்பரு, எடை, பிறந்த தேதி. வயசு ரெண்டு. "பிறந்த நாள் தைப்பொங்கலா இருந்திருந்தா ராசியா இருக்கும்"னு விளையாட்டாத்தான் சொன்னேன். எந்திரிச்சு உள்ள போனாரு, அஞ்சே நிமிஷம், பொங்கல் தேதி போட்டுப் புது அட்டை பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்துட்டாரு. சர்வீஸ்னா இதுங்க சர்வீஸ்! இன்னொரு காபி கேட்டேன், அதுவும் வந்துச்சு. மாடிப்படிக்குக் கீழ ஒரு கதவு, அங்கிருந்து வறட்டு வறட்டுன்னு ஒரு சத்தம். "ஏசி சத்தம் சார், ஆளு வரச் சொல்லியிருக்கேன்"னாரு. ஏசின்னா சத்தம் வரத்தானுங்களே செய்யும்.

அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, கீழ துணி விரிச்சுக் கொடுத்தாங்க. இதே ரூட்டு பஸ்ஸுல மடில வெச்சுக்கிட்டு வந்தேன். சாப்பாட்டு மேஜை மேல வெச்சு, "இந்து, வா கண்ணு, வந்து பாரு"ன்னேன்.

வந்தா. பெட்டியைத் தொறந்தா. கறுப்பு ஓடு, மஞ்சக் கோடு, முதுகு பூரா நட்சத்திரமா வரைஞ்சு வெச்ச மாதிரி. தலையை உள்ள இழுத்துக்கிட்டு அசையாம கிடந்துச்சு. அவ கையில எடுத்து மெதுவாச் சாச்சுப் பாத்தா. ஓரத்துல விரலை ஓட்டினா. விரலை மோந்தா.

"எங்கப்பா வாங்கினீங்க?"

பதினோரு மாசத்துல மொத முழு வாக்கியமுங்க! நான் பைலையே கொண்டு வந்து முன்னாடி வெச்சேன். நோட்டு, பட்டியல், சர்டிபிகேட்டு. "எப்படி வாங்கியிருக்கேன் பாரு. மூணு கொட்டேஷன்."

உக்காந்து படிச்சா. சர்டிபிகேட்டை ஒரு பார்வை பாத்துட்டு வெச்சுட்டா. ஹசீனா பக்கத்தை எடுத்தவ கீழ வெக்கவே இல்லை. ரெண்டு தடவை படிச்சா. அந்தக் கேள்வி எல்லாத்தையும் வாய்க்குள்ள முணுமுணுத்துப் படிச்சா. அப்பறம், "இந்த அம்மா கடை எங்கப்பா இருக்குது?"ன்னா.

"அது எதுக்கு? அதை நிராகரிச்சாச்சே."

"எங்க இருக்குது?"

சொன்னேன். "ஓட்டு ஓரத்துல பசையா இருக்குதுப்பா, டேப் ஒட்டி எடுத்த மாதிரி"ன்னா. "பேக்கிங் பக்காவாப் பண்ணியிருப்பாங்க"ன்னேன்.

நாலு நாளு அது ஒண்ணும் திங்கலைங்க. கீரை வெச்சோம், வெள்ளரிக்கா வெச்சோம், செம்பருத்திப் பூவே வெச்சோம். மூக்குல குமிழு குமிழா வந்துச்சு. அஞ்சாவது நாளு காலைல என் பொண்ணு சுடிதார் மாத்தி, தலை சீவி, பெட்டியை எடுத்துக்கிட்டு வாசலைத் தாண்டினா. வக்கீலைப் பாக்கப் போனதைத் தவிர வெளிய கால் வெச்சதே இல்லைங்க அவ. நான் பின்னாடியே ஓடினேன். நேரா ஹசீனா கடை. அந்தம்மா பாத்துச்சு. என்னைப் பாத்து ஒரு வார்த்தை, "நான்தான் சொன்னேனே"ன்னு கேட்டிருந்தாச் சண்டை போட்டிருப்பேன். கேக்கலை. கடையைச் சாத்திப்போட்டு, எங்களைக் கூட்டிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்துச்சு.

டாக்டர் தமிழரசின்னு ஒரு அம்மா. சின்ன வயசு. நான் பைலை நீட்டினேன். அந்தம்மா ஆமையைத் தூக்கினாங்க.

"ரெண்டு வயசுன்னு யார் சொன்னா?"

"அட்டைல போட்டிருக்குங்க டாக்டர்."

"ஆமை மேல போட்டிருக்கறதைப் பாருங்க சார். ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை வளையம்? பத்து வயசுக்கு மேல இருக்கும். இங்க பாருங்க, ஓடு பொசுங்கின தழும்பு. பண்ணைல எங்க சார் காட்டுத்தீ வந்துச்சு?"

பொங்கலுக்குப் பொறந்ததுன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை.

சளி நெஞ்சுல இறங்கியிருக்குதாம். ஊசி போட்டாங்க. "இதை நீங்க வெச்சுக்க முடியாது. நீங்களாக் கொண்டுபோயி வனத்துறைல ஒப்படைச்சுட்டா நல்லது. இல்லைன்னா நான் சொல்லித்தான் ஆகணும்"னாங்க.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "இந்த வயசுல நான் ஃபாரஸ்ட் ஆபீஸ் படி ஏறணுமா? கம்பெனில இருந்தவன் கேட்டா என்ன நெனைப்பான்? பர்ச்சேஸ் அருணகிரி என்னையே ஒருத்தன் ஏமாத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"ன்னு கத்தினேன். அப்பறம் பொறுமையாத்தான் சொன்னேன்: "இங்கயே நல்லா வெச்சுக்கலாம் கண்ணு. என்ன கொறை அதுக்கு? வேளைக்குக் கீரை, தண்ணி. வெளிய விட்டா நாய் கடிக்கும், வண்டி ஏறும். உள்ள இருந்தா பாதுகாப்புதானே?"

அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னு எனக்கு அப்பத் தெரியலை.

"அது சாப்பிடலைங்கறது உங்களுக்கு நாலே நாள்ல தெரிஞ்சுருச்சுப்பா"ன்னா. "பரவால்ல. சீக்கிரந்தான்."

அவ்வளவுதான். ரூமுக்குள்ள போயிட்டா. சாந்தாமணி கரண்டியோட நின்னுக்கிட்டு என்னைப் பாக்கறா. "என்னடி சொல்லிட்டுப் போறா?"ன்னேன். "உங்களுக்கு எழுதிக் கொடுத்தாத்தான் புரியும்"னுட்டு அடுப்புக்குப் போயிட்டா. இவங்களுக்கெல்லாம் நேராப் பேசவே தெரியாதுங்க.

மறுநாள் போகறதுன்னு ஆச்சு. கிளம்பறப்ப நோட்டைக் கையில எடுத்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சட்டப்படி தப்புன்னு அந்த ஹசீனா அம்மா சொன்னதை, நானே, என் கையெழுத்துல, தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். "தெரியாம வாங்கிட்டேனுங்க"ன்னு நான் சொல்ல முடியாது. அந்த ஒரு பக்கம் இல்லைன்னா சொல்லலாம். பக்கத்தை ரெண்டு விரல்ல புடிச்சுக்கிட்டு நிக்கறேன். நிமிந்து பாத்தா இந்து வாசப்படில நிக்கறா, பெட்டியோட.

"கிழிக்கறதுன்னா கிழிங்கப்பா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தா கிழிச்சிருப்பேன், சத்தியமா. இருபத்தொம்பது வருஷத்துல ரிஜிஸ்டர்ல நான் ஒரு பக்கம் கிழிச்சதில்லை. அந்தப் பெருமைதான் காரணம்னு வெச்சுக்குங்க. வேற காரணம் இருந்தா எனக்குத் தெரியாது. நோட்டை அப்படியே பைல்ல வெச்சேன்.

ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ரேஞ்சர் வாங்கிப் படிச்சாரு. ஹசீனா பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. "இவ்வளவு விசாரிச்சிருக்கீங்க சார்"னாரு. பாராட்டறாரோன்னு நெனச்சு, "ஆமாங்க"ன்னேன். இந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நீங்களா வந்ததை எழுதிக்கறோம், மேற்கொண்டு மேல இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும், ஆனா அந்த ஆளைப் புடிக்க ஒத்துழைப்புக் கொடுங்கன்னாரு.

ஹரிபிரணவுக்கு என்னையே போன் போடச் சொன்னாங்க. இன்னொண்ணு வேணும்னேன். "ஜோடியா வெச்சாத்தான் சார் அதுக்கும் சந்தோஷம்"னாரு. போனேன். அதே ரூமு, அதே சோபா. காபி வந்துச்சு. டம்ளரை எடுத்து வாயில வெக்கறேன், மஃப்டில இருந்த ஃபாரஸ்ட் ஆளுங்க ஆறு பேரு உள்ள வந்துட்டாங்க. மாடிப்படிக்குக் கீழ இருந்த கதவைத் தொறந்தாங்க.

நாத்தமுங்க. சொல்ல முடியாது.

தக்காளிப் பெட்டி இருக்குதில்ல, பிளாஸ்டிக் பெட்டி, அது மேல மேல அடுக்கி வெச்சிருக்குது. ஒவ்வொண்ணுலயும் காலுறைங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்க போடற வெள்ளைக் காலுறை. ஒரு காலுறைக்குள்ள ஒரு ஆமை. தலை, காலு வெளிய வராத மாதிரி சுத்திப் பழுப்பு டேப்பு. இரநூத்துப் பதினேழுன்னு எண்ணினாங்க. அதுல முப்பத்திச் சொச்சம் செத்துப் போயிருந்துச்சு. மிச்சமெல்லாம் உள்ளுக்குள்ளயே காலை அசைச்சு அசைச்சுப் பெட்டியைப் பிறாண்டுது. வறட்டு வறட்டுன்னு. ஏசி.

ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தரு டேப்பை வெட்டி ஒண்ணை என் கைல கொடுத்தாரு, புடிங்க சார்னு. கொஞ்ச நேரம் கல்லாட்டம் இருந்துச்சு. அப்பறம் தலையை வெளிய நீட்டி என்னைப் பாத்துச்சு. இந்தக் கதவுக்கு இந்தாண்டதான் நான் உக்காந்து காபி குடிச்சேன். ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சேனே.

ஹரிபிரணவைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப எம் பக்கத்துல நின்னாரு. சட்டை அப்பவும் கசங்கலை. கோபமாக்கூடப் பேசலைங்க. "சார், பில்லு கேட்டீங்க, கொடுத்தேன். அட்டைல தேதி மாத்திக் கேட்டீங்க, மாத்திக் கொடுத்தேன். அந்தக் கதவைத் தொறங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னாரு.

கைல இருந்த ஆமையைக் கார்டுகிட்டக் கொடுத்துட்டுப் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்து வேட்டி கூட மாத்தாம உக்காந்திருந்தேன். சாப்பாடு எறங்கலை. நடந்ததை ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன். சொல்லி முடிச்சதும் இந்து எந்திரிச்சுப் போயி, தயிர்சாதம் கரைச்சு எடுத்துட்டு வந்து கையில கொடுத்தா.

அப்பறம் அவ நாளும் அந்த மாட்டாஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சா. டாக்டர் தமிழரசிக்கு எழுத்து வேலைக்கு ஆள் இல்லைன்னு சும்மா உதவிக்குப் போனவ, இப்ப மாட்டைப் புடிக்கறா, ஆட்டைப் புடிக்கறா. எம்.காம் படிச்சுப்போட்டு! ஹசீனா கடையில வேற அப்பப்ப உக்காந்திருக்கறா. அந்தப் பூனை ரெண்டும் மீனைத் தொடாதாம். நம்பற மாதிரியா இருக்குது? நானும் போயிப் பாத்தேன். தொடலைதான்.

ஏழு மாசம் கழிச்சு ஃபாரஸ்ட்ல இருந்து போன். கோர்ட்டு அனுமதி கிடைச்சுருச்சு, தேறின ஆமைகளைக் காட்டுல விடறோம், வர்றீங்களான்னு. இந்துவைத்தான் கூப்பிட்டாங்க. நானும் வண்டில ஏறிக்கிட்டேன். ஒப்படைச்சதுக்கு ரசீது இன்னும் தரலை, அதைக் கேக்கணும்னு ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். ரசீது இன்னிக்கு வரைக்கும் வரலைங்கறது வேற விஷயம். நிர்வாகம் சரியில்லை.

காடுன்னா நீங்க நெனைக்கற மாதிரி பச்சைக் காடு இல்லை. கரடு. வேலாமரம், கள்ளி, பொட்டல், நடுவுல பாறை. காலைல ஒரு எட்டு மணி இருக்கும். ஆளுக்கு ரெண்டு மூணு கொடுத்து, தள்ளித் தள்ளிக் கொண்டுபோயி வெக்கச் சொன்னாங்க. பொசுங்கின தழும்பு இருக்கறதை இந்து அடையாளம் கண்டுக்கிட்டா. "இதை நீங்க வெய்யுங்கப்பா"ன்னு எங்கிட்டக் கொடுத்தா. ஒரு புதரு ஓரமாப் பாத்து வெச்சேன்.

அது போகலைங்க. தலையை உள்ள வெச்சுக்கிட்டு வெச்ச எடத்துலயே இருக்குது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். மத்ததெல்லாம் போயிருச்சு. நான் ஒரு குச்சியை எடுத்தேன், லேசாத் தள்ளி விடலாம்னு.

"விடுங்கப்பா. அதுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போகட்டும்."

குச்சியைக் கீழ போட்டுட்டுப் பாறை மேல உக்காந்தேன். அவளும் வந்து பக்கத்துல உக்காந்தா. கார்டுங்க எல்லாம் வண்டிகிட்டப் போயிட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ பேச ஆரம்பிச்சா. மெட்ராஸ்ல நடந்தது. மொத நாள்ல இருந்து. என் மூஞ்சியைப் பாக்கலை, முன்னால தரையைப் பாத்துக்கிட்டே, அவசரமில்லாம, ஒண்ணு ஒண்ணாச் சொன்னா. நான் நடுவுல மூணு தடவை வாயைத் தொறந்தேன். ஒரு தடவை, "எனக்கு அப்பவே சொல்லியிருந்தா"ன்னு கேக்க வந்தேன். சொன்னாளேன்னு ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன். மத்த ரெண்டு தடவையும் மூடிக்கிட்டேன். ஒரு மணி நேரமுங்க. இப்ப உங்களுக்குக் கரூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் மூச்சு விடாமச் சொல்லிக்கிட்டு வர்றவன், ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசலைன்னா நம்புவீங்களா? சாந்தாமணி நம்பலை.

அவ என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. அது வேண்டாம். கோர்ட்டு, நோட்டு, மானம் போனது, எது வேணா கேளுங்க, சொல்றேன். அதை மட்டும் கேக்காதீங்க.

அவ சொல்லி முடிச்சா. அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணா அந்தப் புதரைப் பாத்தோம். ஆமையைக் காணோம். எந்தப் பக்கம் போச்சுன்னு ரெண்டு பேருமே பாக்கலை.

அவ எந்திரிச்சா. சுடிதார்ல ஒட்டியிருந்த முள்ளு ஒண்ணொண்ணாப் புடுங்கிக்கிட்டே, "தண்ணி இருக்காப்பா?"ன்னு கேட்டா.

இருந்துச்சு. கொடுத்தேன்.